கிளிப் போட்ட பல்: கேட்டவையும் சொன்னவையும்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. நான் பல் சீரமைப்பு மருத்துவர். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

மஞ்சக்குப்பம், ஒரு அம்மா: ஏழாவது படிக்கும் பையன். கிளிப் போட்டு ஆறு மாதம் ஆகிறது. இரண்டு வேளையும் பல் தேய்க்கிறான். ஆனாலும் ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டு தெரிகிறது. கிளிப் பல்லைக் கெடுத்துவிட்டதா?

கிளிப் மேல் பழி வேண்டாம் அம்மா. பையனைக் கண்ணாடி முன் நிறுத்தி, பிராக்கெட்டுக்கும் (பல்லில் ஒட்டி, கம்பியைத் தாங்கும் சின்னக் கட்டை) ஈறுக்கும் நடுவில் நகத்தால் ஒருமுறை சுரண்டச் சொல்லுங்கள். வெளுத்த களிம்பு நகத்தில் வரும். அதிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் பல்லின் மேலோடான எனாமலிலிருந்து கால்சியத்தை இழுத்துவிடுகிறது. அந்த வெள்ளைத் திட்டுதான் சொத்தையின் முதல் படி. குழி விழாதவரை அதை அங்கேயே நிறுத்த முடியும். திட்டு ஓரளவு மங்கும், முழுசாக மறையும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை.

அவன் தேய்க்கிறான், சரி. பெரும்பாலும் கம்பியின் மேல்தான் தேய்ப்பான். பிரஷ்ஷை ஈறுப் பக்கமிருந்து பிராக்கெட்டை நோக்கிச் சாய்த்து ஒரு சுற்று, கடிக்கும் விளிம்பிலிருந்து பிராக்கெட்டை நோக்கிச் சாய்த்து இன்னொரு சுற்று. அப்புறம் பாட்டில் கழுவும் பிரஷ் போலக் குட்டியாக ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும். அதைக் கம்பிக்கு அடியில் விட்டு எடுக்க வேண்டும். ராத்திரி இதற்கு ஐந்து நிமிஷமாவது ஆகும். ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பேஸ்ட் அட்டையில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். மூலிகை பேஸ்ட் பலவற்றில் அது இருக்காது. தேய்த்தபின் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். உப்பும் கரியும் வேண்டாம்.

பண்ருட்டி: பலாப்பழம், முந்திரி சாப்பிடலாமா? பொங்கலுக்குக் கரும்பு?

பண்ருட்டியில் இருந்துகொண்டு பலாவை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? சுளையைத் துண்டு போட்டுச் சாப்பிடுங்கள். வேகவைத்த பலாக்கொட்டையும் பரவாயில்லை. முந்திரியை உடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கரும்பை மட்டும் கடிக்கவே வேண்டாம்; சாறு குடித்தால் உடனே வாய் கொப்பளியுங்கள். முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய் நாலும்தான் என்னிடம் அதிகம் பிராக்கெட் உடைத்துக் கொண்டுவருபவை. புதுச்சேரிக்காரர்களுக்கு: பிரெஞ்சு ரொட்டியின் மொறுமொறு மேல்தோலும் இந்தக் கணக்கில்தான், பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலி: ஒரு பிராக்கெட் கழன்று கம்பியில் ஆடுகிறது. ஃபெவிக்விக் வைத்து ஒட்டலாமா?

ஐயோ, வேண்டாம். அது வாய்க்குள் போகக்கூடிய பசை இல்லை. நாங்கள் ஒட்டுவது வேறு. இழுத்துப் பிடுங்காமல் விட்டு, மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். முழுசாக விழுந்துவிட்டால் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். பிராக்கெட் கழன்ற பல் சரியாக நகராது, சில சமயம் வந்த வழியே திரும்பும். அடுத்த மாதம் காட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவி: ராத்திரி கம்பி முனை கன்னத்தில் குத்துகிறது.

அந்த இடத்தைப் பஞ்சால் ஈரம் போகத் துடைத்து, கிளிப் வாக்ஸை (கிளிப்புக்கென்றே உள்ள மெழுகு) பட்டாணி அளவு உருட்டி அழுத்தி வையுங்கள். ஈரமாக இருந்தால் நிற்காது. தூக்கத்தில் விழுங்கிவிட்டாலும் ஒன்றும் ஆகாது. புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். காலையில் மருத்துவரிடம் போய் முனையை வெட்டச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை: பிராக்கெட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் குட்டி ரப்பர் வளையம் மஞ்சளாகிவிட்டது.

சாம்பார்தான். அடுத்த முறை மாற்றும்போது கண்ணாடி நிறம் கேட்காதீர்கள், சாம்பல் அல்லது கருநீலம் போடச் சொல்லுங்கள்.

சிதம்பரம்: நாதஸ்வரம் கற்கிறேன். கிளிப் போட்டால் வாசிக்க முடியுமா?

முடியும். சீவாளியைக் கவ்வும்போது உதடு உள்பக்கம் பிராக்கெட்டில் அழுந்தும், முதல் சில வாரம் புண்ணாகும். வாசிக்க உட்காரும் முன் முன்பல் பிராக்கெட்டுகளில் வாக்ஸ் வையுங்கள், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் தேதியைச் சொல்லுங்கள். மருத்துவர் கம்பியை டைட் செய்தபின் இரண்டு மூன்று நாள் பல் வலிக்கும், அந்த நாட்களில் வாசிப்பு கஷ்டம்.

வில்லியனூர்: கிளிப் எடுத்தாயிற்று. பல் திரும்ப நகராமல் இருக்கப் போடும் ரீடெய்னரை வெந்நீரில் கழுவினேன், இப்போது உட்காரவில்லை.

பிளாஸ்டிக் வெந்நீரில் நெளிந்துவிடும். அழுத்திப் போடாதீர்கள், புதிதாகச் செய்ய வேண்டும். அதுவும் சீக்கிரம்: பல்லைச் சுற்றியுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக மாதக்கணக்காகும், அதற்குள் பல் பழைய இடத்தைத் தேடிப் போகும். புதியதைக் குளிர்ந்த தண்ணீரில், மெல்லிய பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். பேஸ்ட் கீறல் போடும். சாப்பிடும்போது கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும். ஹோட்டலில் டிஷ்யூவில் சுற்றி வைத்து, அது இலையோடு குப்பைக்குப் போனதாக வருபவர்கள் நிறைய. வீட்டில் நாய் இருந்தால் டப்பாவை உயரத்தில் வையுங்கள், எச்சில் வாசனைக்குக் கடித்துவிடும்.

கடலூர் முதுநகர்: வெளியூரில் கிளிப் போட்டேன், மாற்றலாகி இங்கே வந்துவிட்டேன். யாரிடம் தொடர்வது?

பழைய மருத்துவரிடம் எக்ஸ்ரே, பல் அச்சு, படங்கள், இதுவரை செய்தவற்றின் குறிப்பு எல்லாம் வாங்கி வாருங்கள். சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி (முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி), புதுச்சேரி மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம் இரண்டிலும் பல் சீரமைப்புப் பிரிவு உண்டு. தனியார் மருத்துவர் என்றால், பாதியில் வந்த கேஸை எடுப்பாரா என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.