ரேம் போட்ட பிறகு கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். செகண்ட் ஹேண்ட் பிராண்டட் வொர்க்ஸ்டேஷன், டிடிஆர்4 வகை ரேம். பாண்டிச்சேரியில் ஒரு கடையில் 16 ஜிபி ரேம் இரண்டு வாங்கி அங்கேயே போட்டேன், அங்கே ஓடியது. பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. கடைக்காரர், "ரேம் ஜாஸ்தியானதால் எஸ்எம்பிஎஸ் லோடு தாங்கவில்லை, 800 வாட்ஸ் புதுசு போடுங்க" என்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். டிடிஆர்4 ரேம் ஒன்று இழுக்கும் மின்சாரம் சுமார் 3 முதல் 5 வாட்ஸ்தான், இரண்டும் சேர்ந்தாலும் வீட்டு எல்இடி பல்பு ஒன்றின் அளவு, அதைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் ஏற்கெனவே சாகக் கிடந்தது என்றுதான் அர்த்தம். ஃபேன் ஒரு சுற்றோடு நிற்பது பெரும்பாலும் எங்கோ ஷார்ட் ஆகி எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே அணைத்துக்கொள்வதன் அறிகுறி. பஸ் குலுக்கலில் ரேமோ பவர் கனெக்டரோ லேசாக நழுவியிருக்கலாம், முதல் சந்தேகம் எனக்கு அங்கேதான்.

முதலில் பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். ஆஃப் செய்தாலும் மதர்போர்டில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த நிலையில் ரேமைத் தொட்டால் போர்டே போகலாம். பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, புது ரேம் இரண்டையும் கழற்றி, பழையதோடு மட்டும் கார்டைச் செருகி ஆன் செய்யுங்கள். ஓடினால் எஸ்எம்பிஎஸ் மேல் பழியில்லை. அப்புறம் ஒவ்வொரு முறையும் கார்டைப் பிடுங்கிவிட்டு ரேமை ஒவ்வொன்றாகப் போடுங்கள், கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். கடலோர ஊரில் உப்புக்காற்று பின்களைக் கருக்கவைக்கும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்கள். ஸ்டிக்கரில் 'பிசி4' என்று தொடங்கும் வரியில் வேக எண்ணை அடுத்த கோட்டுக்குப் பின் 'ஆர்' இருந்தால் அது சர்வர் ரேம், 'யு' அல்லது 'இ' இருந்தால் வேறு வகை. இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் கலந்து போட்டால் மெஷின் பூட் ஆகாது, உங்களுக்கு அங்கே ஓடியதால் இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

பழைய ரேமோடும் ஓடவில்லையா? கார்டைப் பிடுங்கிவிட்டு, போர்டுக்கும் பிராசஸருக்கும் போகும் பவர் கனெக்டர்களைக் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகுங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம். சில பிராண்டட் வொர்க்ஸ்டேஷன்களில் எஸ்எம்பிஎஸ் பின்புறமே டெஸ்ட் பட்டனும் விளக்கும் உண்டு, உள்ளே போகும் எல்லா ஒயரையும் கழற்றி, பவர் கார்டை மட்டும் செருகி அந்தப் பட்டனை அழுத்தியும் விளக்கு எரியவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. யூடியூபில் பச்சை, கறுப்பு ஒயர்களைக் கிளிப்பால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்கும் வித்தை சாதாரண ஏடிஎக்ஸ் (கடைகளில் கிடைக்கும் பொது அளவு) எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும்தான். உங்கள் மெஷினில் ஒயர் வரிசையே வேறாக இருக்கலாம், செய்யவே வேண்டாம். இதே காரணத்தால் கடையில் கிடைக்கிற 800 வாட்ஸ் உங்கள் கேபினட்டில் உட்காராமலும் போகலாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் பார்ட் நம்பரைச் சொல்லி அதையே கேளுங்கள்.

அடுத்து, ரேம் வாங்கியதற்கான பில். ரேம்களுக்குப் பெரும்பாலும் தயாரிப்பாளர் வாரண்டி நீண்டகாலம் இருக்கும், பில் இல்லாமல் அதைக் கேட்பது கஷ்டம். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 'இது தொழிலுக்கு வாங்கியது' என்று கடைக்காரர் ஒதுக்கப் பார்க்கலாம், ஆனால் சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைப்பவரையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யுங்கள், அதிலும் தீரவில்லை என்றால் கடை பாண்டிச்சேரியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். பில் தரவில்லை என்றால் யுபிஐ கட்டிய விவரத்தையும், எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொன்ன வாட்ஸ்அப் மெசேஜையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.