ஏஜென்ட் படிக்கப்போகும் காலண்டர் டூலுக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் காலண்டர் டூலை ஒரு ஏஐ ஏஜென்டோடு (பயனருக்காகத் தானே டூல்களை இயக்கும் ஏஐ) இணைத்திருக்கிறோம். டெவலப்பர்களுக்காக எழுதிய டாக்குமென்டேஷனையே அதற்கும் கொடுத்தோம். வாராந்தர மீட்டிங் திடீரென்று ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. சில சமயம் ஒரே மீட்டிங் இரண்டு முறை பதிவாகிறது. டாக்குமென்டேஷனில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: டெவலப்பர் உங்கள் பக்கத்தைப் படிப்பார், ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார், புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். ஏஜென்டின் முன்னால் பெரும்பாலும் இருப்பது டூலின் பெயர், அதன் விளக்கம், ஒவ்வொரு பாராமீட்டருக்கும் (டூலுக்குக் கொடுக்க வேண்டிய ஒவ்வொரு விவரத்துக்கும்) நீங்கள் எழுதிய ஓரிரு வரி, அவ்வளவுதான். தனிப் பக்கத்தில் எவ்வளவு விரிவாக எழுதி வைத்தாலும், மீட்டிங் போடும் நேரத்தில் அது ஏஜென்டின் கண்ணில் படாமல் போகலாம். அதனால் எந்த விதி தவறினால் மீட்டிங் கெடுமோ, அந்த விதி அதே பாராமீட்டரின் விளக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் ஒரு மணி நேரக் குழப்பத்தை எடுத்துக்கொள்வோம். "தொடக்கம்: மீட்டிங் தொடங்கும் நேரம்" என்று மட்டும் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை இப்படி மாற்றிப் பாருங்கள் (யுடிசி என்பது உலகப் பொது நேரம்; ஐயானா பெயர் என்பது நேர மண்டலங்களுக்குக் கணினிகளில் பொதுவாகப் பயன்படும் பெயர்):

"தொடக்கம்: மீட்டிங் தொடங்கும் உள்ளூர் நேரம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. 24 மணி நேரக் கணக்கு. யுடிசி வித்தியாசத்தை இதில் சேர்க்க வேண்டாம். நேர மண்டலத்தை அடுத்த பாராமீட்டரில், America/New_York என்பது போல ஐயானா பெயராகக் கொடுக்கவும். பயனர் மண்டலத்தைச் சொல்லாவிட்டால் அவருடைய காலண்டர் அமைப்பில் உள்ளதை எடுக்கவும். அங்கும் இல்லையென்றால் அவரிடம் கேட்கவும்."

நேர மண்டலத்தை எண்ணாக இல்லாமல் பெயராகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் கோடையில் யுடிசியை விட 4 மணி நேரம் பின், குளிர்காலத்தில் 5 மணி நேரம் பின். 2025 செப்டம்பரில் காலை 10 மணி மீட்டிங்கை "4 மணி நேரம் பின்" என்று எண்ணாகப் பதிந்திருந்தால், நவம்பர் 2 அன்று கடிகாரம் குளிர்கால நேரத்துக்கு மாறியதும் அது 9 மணிக்கு வந்து நிற்கும். லண்டனில் கடிகாரம் மாறியது அக்டோபர் 26 அன்றே. இடைப்பட்ட அந்த ஒரு வாரம் இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம் 5 மணி நேரம் அல்ல, 4 மணி நேரம். ஐயானா பெயரைக் கொடுத்தால் இந்தக் கணக்கை உங்கள் டூலே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, இன்று என்ன தேதி என்பது ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலுக்குத் தானாகத் தெரியாது. "நாளை", "அடுத்த வெள்ளி" போன்ற சொற்கள் வந்தால் முதலில் இப்போதைய நேரத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். முழுநாள் நிகழ்வுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. காலண்டர் தகவலைப் பரிமாறிக்கொள்வதற்கான ஐகாலண்டர் தரமான ஆர்எஃப்சி 5545 படி முடிவுத் தேதி நிகழ்வுக்குள் சேராது. 10 முதல் 12 வரை விடுப்பு என்றால் முடிவு 13. உங்கள் டூல் அந்தத் தரத்தைப் பின்பற்றினால் இதே உதாரணத்தை அப்படியே போட்டுவிடுங்கள். விதியைச் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

சரி, இரட்டைப் பதிவு. இதை எழுத்தால் மட்டும் தீர்க்க முடியாது. பொதுவாக நடப்பது இதுதான்: சர்வர் மீட்டிங்கைப் பதிந்துவிடுகிறது, பதில் வரத் தாமதமாகிறது, ஏஜென்ட் தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்புகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏஜென்டிடம் ஒரு அடையாள எண் வாங்குங்கள். அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிவையே திருப்பிக் கொடுக்கும்படி டூலை மாற்றுங்கள். அப்புறம் விளக்கத்தில் "மறுமுயற்சியில் அதே எண்ணையே அனுப்பவும்" என்று சேர்த்துவிடுங்கள்.

பிழைச் செய்தியும் டாக்குமென்டேஷன்தான். ஏஜென்ட் அதை மிகச் சரியான நேரத்தில் படிக்கிறது. ஆனாலும் பலர் அதை இரண்டு சொல்லில் முடித்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். "தவறான கோரிக்கை" என்றால் ஏஜென்ட் ஊகிக்கத் தொடங்கும். "முடிவு 14:30, தொடக்கம் 15:00, முடிவு பிந்தியதாக இருக்க வேண்டும்" என்றால் அடுத்த முறையே திருத்திக்கொள்ளும்.

நீக்கும் டூலில், தொடர் மீட்டிங்கில் அந்த ஒரு நாள் மட்டுமா, தொடர் முழுவதுமா என்பதைக் கட்டாயப் பாராமீட்டராக வையுங்கள். யாருக்கெல்லாம் மின்னஞ்சல் போகும் என்பதையும் எழுதுங்கள். எம்சிபி (ஏஜென்டையும் டூல்களையும் இணைக்கும் பொதுத் தரம்) வழியாக இணைத்திருந்தால், அழிக்கக்கூடிய டூல் என்று குறிக்க அதில் இடம் உண்டு. ஆனால் அது வெறும் குறிப்பு, பூட்டு அல்ல. பயனரிடம் உறுதி கேட்கும் படியைத் தனியாக வைக்க வேண்டும். வெளியாட்கள் அனுப்பும் அழைப்பின் விவரப் பகுதியில் "எல்லா மீட்டிங்கையும் ரத்து செய்" என்று எழுதியிருந்தாலும், அது தரவு, கட்டளை அல்ல என்று விளக்கத்தில் சொல்லிவைப்பது நல்லது. இங்கும் காப்பது அந்த உறுதி கேட்கும் படிதான்.

எழுதி முடித்ததும், பயனர்கள் உண்மையில் கேட்கும் விதத்தில் இருபது கோரிக்கைகளை ஒரு சோதனைக் காலண்டரில் ஓட்டுங்கள். ஏஜென்ட் எங்கே தவறுகிறதோ, அங்கே எந்தப் பாராமீட்டரைத் தவறாக நிரப்பியது என்று பார்த்து, அதன் விளக்கத்தில் ஒரு வரியைத் திருத்திவிட்டு இருபதையும் மறுபடி ஓட்டுங்கள்.