"ஒன்னுமில்லை அத்தை"

பட்டர்வொர்த்திலிருந்து 49 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இருநூறு வருடத்துக்கு முந்தைய லண்டனில் நடக்கும் ஜாலியான ஆங்கிலக் காதல் நாவல் வரிசை ஒன்றில் விழுந்துவிட்டாராம். ஒரே குடும்பம், பிள்ளைக்கு ஒரு புத்தகம், இப்போது ஐந்தாவது ஓடுகிறது. "இந்த வயசுல காதல் கதையா?" என்று கணவர் கிண்டலடிக்கிறார், மகளும் சேர்ந்துகொள்கிறாள். இது தப்பா என்று கேட்கிறார்.

தங்கச்சி, இந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஐந்தாவது புத்தகம் வரை வந்தவருக்கு என் அனுமதி எதற்கு? அதை விடுங்கள். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி படித்துச் சிரிக்கும்போது, கண்ணில் புரை விழுந்த உங்கள் மாமியார் பக்கத்து அறையிலிருந்து "என்னம்மா சிரிப்பு?" என்பாராம், நீங்கள் "ஒன்னுமில்லை அத்தை" என்பீர்களாம்.

ஏன் ஒன்றுமில்லை? தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாய்விட்டுப் படித்து அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கேட்கவைத்தவர் அவர் என்று நீங்களேதான் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அப்பேர்ப்பட்டவர் இப்போது இருட்டில் படுத்துக்கொண்டு சுவரைத் தாண்டி ஒரு சிரிப்புச் சத்தத்துக்குக் காது கொடுக்கிறார். வேளாவேளைக்குச் சோறு, மருந்து, ஒரு குறையும் வைக்கவில்லை என்கிறீர்கள். சரி, வயிற்றுக்கு வைக்கவில்லை. பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது என்றால் மாத்திரை எண்ணிக் கொடுப்பது மட்டும்தான் என்று நம் வீடுகளில் எப்போது முடிவானதோ தெரியவில்லை, எனக்கு அதில் சம்மதமில்லை.

அந்தக் கதையை அவருக்கும் சொல்லுங்கள். இங்கிலீஷ் கதை அத்தைக்கு எப்படிப் புரியும் என்று சொல்லிவிடாதீர்கள். அங்கேயும் பிரபுப் பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கு, இளையவன் பிழைப்புக்கு வழி தேடணும். பெண்ணுக்குச் சீதனம் எவ்வளவு என்று ஊரே கணக்குப் பார்க்கும். கல்யாணமாகாத பெண் தோட்டத்துப் பக்கம் ஒருவனோடு தனியாக நின்றதை யாராவது பார்த்துவிட்டால் பெயர் போச்சு, உடனே தாலி கட்டு என்கிற மாதிரிதான், அங்கே மோதிரம், அவ்வளவுதான் வித்தியாசம். மகள்களைக் கரையேற்ற நடன விருந்து விருந்தாக அலையும் அந்த அம்மாக்களை அத்தை உங்களைவிட நன்றாகவே புரிந்துகொள்வார். அப்புறம் இன்னொன்றும் சொல்லுங்கள்: 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் நம் பினாங்குத் தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் வைத்தாரே, அந்த இளவரசர்தான் மன்னரான அப்பாவுக்குச் சித்தம் கலங்கியதும் 1811இலிருந்து 1820 வரை அவர் இடத்தில் இருந்து ஆண்டவர். உங்கள் கதைகள் நடப்பது அவர் காலத்தில். தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுன் நகரத்துக்கு வைத்தது அந்த அப்பா, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். இதைக் கேட்டால் கிழவி எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

வெட்கப்படுகிற இடங்கள் வந்தால் தாண்டிக்கொள்ளுங்கள். தாண்டியதைக் கண்டுபிடித்து அவரே கேட்டால் சொல்லிவிடுங்கள், நாலு பிள்ளை பெற்றவர், மயங்கி விழமாட்டார்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. "வயசாச்சு, இனிமே என்னத்துக்கு" என்று அம்மாவின் புரையை அப்படியே விட்டுவைத்திருக்கிறாரே, எனக்குக் கோபமே அதில்தான். புரைக்கு வயசு தடையில்லை. பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை முடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெண்டாட்டி என்ன படிக்கிறாள் என்று எட்டிப் பார்க்க நேரம் இருக்கிற மனுஷன் ஒரு நாள் லீவு போட்டுப் பெற்ற தாயைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகட்டும். அது மகனுடைய வேலை, உங்கள் தலையில் கட்டவிடாதீர்கள்.

கதையை இன்றைக்கு ராத்திரியே ஆரம்பியுங்கள். உங்களுக்கு அவசரமாக இருந்தாலும் ஐந்தாவதிலிருந்து வேண்டாம், முதல் புத்தகத்திலிருந்து. யார் மூத்தவன், யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாமல் அத்தை ஒரு பக்கம்கூட நகரவிடமாட்டார்.