ஏற்றத்தில் நின்றுபோகும் 1944 ஜீப்

கேள்வி: என்னிடம் 1944-ஆம் ஆண்டு ஃபோர்டு ஜிபிடபிள்யூ ராணுவ ஜீப் இருக்கிறது. காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏற்றத்தில் பாதி போனதும் திணறி நின்றுவிடுகிறது, அரைமணி ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. கார்புரேட்டரைப் புதிதாக மாற்றியும் தீரவில்லை. முன்பு வைத்திருந்தவர் 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றியிருக்கிறார். அடுத்து எதை மாற்றுவது? வில்லிஸ் பாகங்கள் இதற்குச் சேருமா?
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். சூட்டில் நிற்கிற வண்டியை ஆறின பிறகு ஷெட்டுக்குக் கொண்டுபோனால் எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்குக்கும் கோளாறு கண்ணில் படாது, ஊகத்தில்தான் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் பாருங்கள்: கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா?

முதலில் கரண்ட். சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டுக்கொள்ளுங்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுவில் இருக்கும் தடித்த வயரை உருவி, ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடித்து, முனையை இன்ஜின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்து, கூட வந்தவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகச் சடசடவென்று தாவினால் சரி. மஞ்சளாக, நூல்போல வந்தாலோ வராமலே போனாலோ எனக்குச் சந்தேகம் முழுக்க, பேட்டரி வோல்ட்டைப் பிளக்குக்காகப் பலமடங்கு கூட்டிக்கொடுக்கும் காயில் மேல்தான். 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறவர்கள் பல்பையும் பேட்டரியையும் மாற்றிவிட்டு, பழைய 6 வோல்ட் காயிலை அப்படியே விட்டுவிடுவது சகஜம். இரண்டு மடங்கு வோல்ட் பாய்ந்தால் அது கொதித்து, சூடேறச் சூடேற கரண்ட் மெலிந்து கடைசியில் நின்றுபோகும், ஆறினால் திரும்ப வரும். நீங்கள் சொல்வது அச்சு அசல் இதேதான். மல்டிமீட்டரில் காயிலின் இரண்டு சிறிய முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள், ஏறக்குறைய 1.5 ஓம் காட்டினால் தனியாக ரெசிஸ்டர் வைக்காமல் அது 12 வோல்ட்டுக்கு ஆகாது, 3 ஓம் பக்கம் இருந்தால் பரவாயில்லை. அதே கையோடு கண்டென்சரையும் (டிஸ்ட்ரிப்யூட்டரோடு இருக்கும் சிறு மின்தேக்கி) மாற்றிவிடுங்கள், அதுவும் சூட்டில் மக்கர் செய்யும், விலையும் குறைவு. பாயிண்ட் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்) கருகியிருக்கும், தேய்த்து 0.020 அங்குல இடைவெளி வையுங்கள்.

கரண்ட் நன்றாக இருந்தால்தான் பெட்ரோல் பக்கம் போகவேண்டும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்தால் கார்புரேட்டருக்குள் மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். வரவில்லையா, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால், சைலன்ஸர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகும் குழாயில் பெட்ரோல் ஆவியாகிறது, அதைத் தள்ளிக் கட்டுங்கள். பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரமையும் பாருங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுத்துவிடும். இதற்கெல்லாம் எலெக்ட்ரிக் பம்ப் மாட்டச் சொல்வார்கள், அழுத்தம் கூடினால் கார்புரேட்டர் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும், சூடான இன்ஜின் மேல் அது ஆபத்து.

பாகங்கள் விஷயம்: ஃபோர்டும் வில்லிஸும் செய்தது ஒரே 2.2 லிட்டர் இன்ஜின் வடிவம்தான், தாராளமாகச் சேரும். மஹிந்திராவின் ஹரிக்கேன் இன்ஜினின் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) மட்டும் வேண்டாம், அதில் இன்டேக் வால்வு மேலே இருக்கும்.

கேள்வி: பல வருடமாகக் கொட்டகையில் நிற்கும் வில்லிஸ் ஜீப்பை வாங்கியிருக்கிறேன். புது பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்யலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம், பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் உடைந்துவிடும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் முன்னால் கைப்பிடி செருகி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் பலம் போடாமல் இன்னும் ஊறவிடுங்கள். தாராளமாகச் சுற்றினால் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, டேங்கைக் கழுவி, பிளக்குகளைப் பூட்டி ஸ்டார்ட் செய்யலாம். கைப்பிடியால் ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு உடையும்.