பெரின் வரிசையும் 271441 என்ற எண்ணும்

கேள்வி: 3, 0, 2 என்று தொடங்கி, உடனே முன்னுள்ள எண்ணை விட்டுவிட்டு அதற்கும் முன்னுள்ள இரண்டைக் கூட்டிக்கொண்டே போனால் 3, 0, 2, 3, 2, 5, 5, 7, 10, 12, 17, 22, 29, 39 என்ற வரிசை கிடைக்கிறது. முதல் எண்ணைப் பூச்சியமாம் இடம் என்று கொண்டால், 7ஆம் இடத்தில் 7, 11ஆம் இடத்தில் 22, 13ஆம் இடத்தில் 39 வருகின்றன. 2 முதல் 100 வரை கணக்கிட்டதில், பகா எண் இடங்களில் மட்டுமே உறுப்பு தன் இட எண்ணால் மீதியின்றி வகுபடுகிறது. பகா எண்ணைக் கண்டறிய இதையே விதியாகக் கொள்ளலாமா?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: நூறு வரை பொறுமையாகக் கணக்கிட்ட உங்கள் உழைப்பு மகிழ்ச்சி தருகிறது. 1876இல் எதுவார் லூகா ஆராய்ந்த வரிசை இது. நீங்கள் கேட்ட அதே கேள்வியை 1899இல் பிரான்ஸ் நாட்டின் ஆர். பெரின், கணித அறிஞர்கள் தங்களுக்குள் கேள்வி கேட்டுப் பதில் பெறுவதற்கென்றே நடத்தப்பட்ட ஓர் இதழில் எழுப்பியதால், வரிசைக்கு அவர் பெயரே நிலைத்தது.

பகா எண் இடங்களில் ஏன் வகுபடுகிறது என்பதை முதலில் பார்ப்போம். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில், அடுத்தடுத்து இருவர் அமரக் கூடாது. அதே சமயம், இந்த விதியை மீறாமல் புதிதாக ஒருவர் வந்து அமரவும் இடம் மிஞ்சக் கூடாது. அப்படியானால் அமர்ந்திருப்பவர்களுக்கு நடுவே ஒன்று அல்லது இரண்டு நாற்காலிகள் மட்டுமே காலியாக இருக்கும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாற்காலிகளுக்கு, இவ்வாறு அமரும் வழிகளின் எண்ணிக்கைதான் பெரின் வரிசையின் உறுப்பு. ஏழு நாற்காலிகள் என்றால் அமைப்பு ஒன்றே. அதை ஒவ்வோர் இடமாகச் சுழற்றினால் ஏழு வழிகள் கிடைக்கின்றன. ஆறு நாற்காலிகளிலோ, ஒன்றுவிட்டு ஒன்றில் மூவர் அமரும் அமைப்பு இரண்டே சுழற்சியில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது; எதிரெதிரே இருவர் அமரும் அமைப்பு மூன்றில் வந்துவிடுகிறது. ஆகவே மொத்தம் ஐந்து. அது ஆறால் வகுபடாது. நாற்காலிகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் இப்படி இடையிலேயே பழைய நிலைக்குத் திரும்ப வழியே இல்லை என்பதால், வழிகள் எப்போதும் அந்த எண்ணின் கட்டுகளாகவே சேருகின்றன. எனக்கு மிகவும் பிடித்த நிறுவல்களில் இது ஒன்று.

ஆனால் இதன் மறுதலை, அதாவது உறுப்பு தன் இட எண்ணால் வகுபட்டால் அந்த இட எண் பகா எண்ணாகவே இருக்கும் என்பது, உண்மையன்று. அதைக் காட்டும் முதல் எண் 1982இல்தான் கிடைத்தது. வில்லியம் ஆடம்ஸ், டேனியல் ஷாங்க்ஸ் இருவரும் கண்டறிந்த அந்த எண் 271441. அது 521இன் வர்க்கம், எனவே பகு எண். ஆயினும் அந்த இடத்து உறுப்பு அதனால் மீதியின்றி வகுபடுகிறது. அடுத்தது 904631. இத்தகைய எண்களுக்கு முடிவே இல்லை என்று 2010இல் ஜான் கிராந்தம் நிறுவினார். இருந்தாலும் உங்கள் சோதனையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்: இரண்டின் அடுக்கிலிருந்து இரண்டைக் கழித்து அந்த அடுக்கெண்ணால் வகுத்துப் பார்க்கும் பழைய சோதனை, 11ஐ 31ஆல் பெருக்கி வரும் 341லேயே தவறிவிடுகிறது.

மீதி வந்தால் அந்த எண் உறுதியாகப் பகு எண். மீதி வராவிட்டால் மட்டும் வேறொரு சோதனையும் தேவை. 271441ஆம் உறுப்பில் முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உண்டு. ஆனால் அதை முழுதாக எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் 271441ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், எந்த நேரத்திலும் மூன்று சிறிய எண்களே கையிருப்பில் இருக்கும். உங்கள் கல்லூரிக் கணினியில் சில வரி நிரல் எழுதி, கடைசியில் பூச்சியம் வருவதை நீங்களே பார்த்துவிடலாம்.