ரோலெக்ஸ் டயலில் ஒரு கோடு மாறியிருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பழைய ரோலெக்ஸ் ஜிஎம்டி-மாஸ்டர் 2 ஒன்றுக்கு, அதாவது 16710 மாடலுக்கு, விலை பேசிக்கொண்டிருப்பதாகவும், அதன் டயலில் மாடல் பெயரின் கடைசியில் வரும் ரோமன் இரண்டு (II) வேறு மாதிரி அச்சாகியிருப்பதால் விற்பவர் அதிகம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கலாம், ஆனால் கொஞ்சமாக, அதுவும் அந்த அச்சு எதற்குச் சாட்சி சொல்கிறது என்று பார்த்த பிறகு.

விற்பவர் சொல்வது, சேகரிப்பாளர்கள் 'ஸ்டிக் டயல்' என்று அழைக்கும் வகையாக இருக்க வேண்டும். 1989 முதல் 2007 வரை வந்த இந்த மாடலின் பெரும்பாலான டயல்களில் ரோமன் இரண்டின் இரு கோடுகளுக்கும் தலையிலும் அடியிலும் சிறு குறுக்குக் கோடுகள் உண்டு. கடைசி ஆண்டுகளில் வந்த சிலவற்றில் மட்டும் அவை இல்லாமல், இரண்டு தீக்குச்சிகளை அருகருகே நிறுத்தியதுபோல வெறும் கோடுகள் நிற்கும். சிங்கப்பூரில் பழைய கடிகாரங்கள் விற்கும் கடை ஒன்றில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எனக்குக் காட்டினார்கள். கை எட்டும் தூரத்தில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. லென்ஸை வாங்கிக் கண்ணில் பொருத்திய பிறகுதான், எதற்காகக் கூடுதல் விலை கேட்கிறார்கள் என்பதே புரிந்தது.

டயலில் எழுத்து அச்சாகும் முறை தெரிந்தால் இத்தகைய வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும். உலோகத் தகடு ஒன்றில் எழுத்துகளைப் பள்ளமாகச் செதுக்கி, அதில் மையை நிரப்பி, மேலே படிந்ததை வழித்துவிட்டு, பள்ளத்தில் மிஞ்சிய மையை மென்மையான ஒரு குமிழால் ஒற்றியெடுத்து டயலின்மேல் அழுத்துவார்கள். தகட்டைப் புதிதாகச் செதுக்கும்போதோ, வேலை வேறொரு டயல் தயாரிப்பாளரிடம் போகும்போதோ எழுத்தின் கால் நீண்டுவிடும், அல்லது வரிகளுக்கிடையே இடைவெளி கூடிவிடும். ரோலெக்ஸ் நெடுங்காலம் தன் டயல்களை வெளி நிறுவனங்களிடம் செய்து வாங்கியதால் இதற்கு வாய்ப்பும் அதிகமாக இருந்தது. இப்படி வேறுபட்ட டயல்களுக்கு வழங்கும் 'லாங் இ', 'ரெயில் டயல்' போன்ற பெயர்களெல்லாம் பின்னாளில் சேகரிப்பாளர்கள் சூட்டியவை.

இவற்றுள் எனக்கு நியாயமாகப் படுவது, நீரில் மூழ்குவோருக்காக ரோலெக்ஸ் செய்த சப்மரீனரின் சிவப்பு எழுத்து வகை. தேதி காட்டும் முதல் சப்மரீனரான 1680 மாடலில், 1970-களின் நடுப்பகுதி வரை 'சப்மரீனர்' என்ற ஒரு சொல் மட்டும் சிவப்பில் அச்சானது; பிறகு அதுவும் வெள்ளையாயிற்று. சிவப்பு வரி உள்ள டயல்களையே எண்ணுபவரைப் பொறுத்து ஆறாகவோ ஏழாகவோ வகைப்படுத்துகிறார்கள். முதலில் வந்தவற்றில் ஆழம் '200 மீட்டர் = 660 அடி' என்று மீட்டரில் தொடங்கும்; பின்னர் வந்தவற்றில் '660 அடி = 200 மீட்டர்' என்று இடம் மாறிவிடும். 660-இல் உள்ள ஆறின் வால் வட்டத்தைத் தொட்டு மூடுகிறதா, தொடாமல் நிற்கிறதா என்பதுகூடக் கணக்கில் வரும். கேட்பதற்கு வெட்டி வேலையாகத் தோன்றலாம். ஆனால் கடிகாரக் கூட்டின் வரிசை எண் ஏறத்தாழ எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பது தெரிந்திருப்பதால், மீட்டரில் தொடங்கும் டயல் 1970-களின் நடுவில் செய்த கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தால், அது வேறெங்கிருந்தோ வந்தது என்று உடனே சந்தேகிக்க முடிகிறது. அந்த அச்சு கடிகாரத்தின் பிறப்புச் சான்றிதழ்போல வேலை செய்கிறது. நான் விலை கொடுப்பது அந்தப் பயனுக்குத்தான், சிவப்பின் அழகுக்கு அல்ல.

ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள ரோலெக்ஸ் மாடலான டேடோனா 16520-இன் தொடக்க கால டயல்களில் உள்ள 'தலைகீழ் ஆறு' இன்னும் வேடிக்கையானது. கீழே இருக்கும் பன்னிரண்டு மணிச் சிறு வட்டத்தில் எண்களின் அடிப்பக்கம் மையத்தை நோக்கி இருப்பதால், ஆறு கவிழ்ந்து ஒன்பதுபோலத் தெரியும். ஒரே வட்டத்தில் இரண்டு ஒன்பது! 1990-களில் அதை நிமிர்த்திவிட்டார்கள். கவிழ்ந்த ஆறுக்குத் தனி விலை வந்துவிட்டது. விலையைப் பற்றிப் பேசும்போது, 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போன ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் டேடோனாவைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அந்த விலை டயலுக்கு மட்டும் கிடைத்ததன்று. அதை அணிந்திருந்தவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

உங்கள் கடிகாரத்துக்கு வருகிறேன். லென்ஸ் வைத்து முதலில் பார்க்க வேண்டியது ரோமன் இரண்டை அல்ல, ஆறு மணிக்குக் கீழே டயலின் விளிம்பில் இருக்கும் மிகச் சிறிய வரியை. இருளில் ஒளிர்வதற்காக டிரிட்டியம் பூசிய காலத்து டயல்களில் அங்கே 'ஸ்விஸ் - டி<25' என்றிருக்கும். 1998-ஐ ஒட்டி டிரிட்டியத்தைக் கைவிட்டபோது சில காலம் 'ஸ்விஸ்' என்று மட்டும் அச்சானது. அதன்பின் 'ஸ்விஸ் மேட்' வந்தது. ஸ்டிக் டயல் கடைசி ஆண்டுகளுக்கு உரியது என்பதால் அதில் 'ஸ்விஸ் மேட்' இருந்தாக வேண்டும். குறுக்குக் கோடு இல்லாத ரோமன் இரண்டும் 'டி<25'-உம் ஒரே டயலில் இருந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, எழுத்தின் ஓரம். என் தாத்தாவின் பழைய வெஸ்ட் எண்ட் கடிகாரத்தைப் 'புதுசாக்கித் தருகிறேன்' என்று சொல்லி ஒரு பழுதுபார்ப்பவர் டயலுக்கு மறுபூச்சு அடித்து, எழுத்துகளையும் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. லென்ஸில் பார்த்தால், ஈரத் தரையில் இட்ட கோலம்போல ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் கசிந்திருந்தது. தொழிற்சாலை அச்சு டயலின்மேல் இலேசாக மேடிட்டு, ஓரம் கூர்மையாக நிற்கும். அபூர்வ வகைகளுக்கு விலை ஏற ஏற, அவற்றைப்போலவே அச்சிட்டுத் தருபவர்களும் பெருகியிருக்கிறார்கள். எனவே இந்த ஓரத்தைப் பார்க்காமல் எந்தச் சிவப்பு வரிக்கும் பணம் கொடுக்கக் கூடாது.

இரண்டும் சரியாக இருந்து, வாங்கிய காலத்துச் சான்றிதழும் பெட்டியும் கூடவே வந்தால், பத்தில் ஒரு பங்குவரை நான் கூடுதலாகக் கொடுப்பேன். சிங்கப்பூர்க் கடையில் அதற்கு மேல் கேட்டதால் குறுக்குக் கோடு உள்ளதையே வாங்கினேன். அதன் கூட்டைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஸ்டிக் டயல் கடிகாரத்தில் பட்டையைப் பிடிக்கும் கொம்புகளோ தேய்ந்து மெலிந்திருந்தன.