கேஷ் நம்ம காசுல இருந்து வந்ததா?

கேள்வி: "ஸ்கூல் ப்ராஜெக்ட்ல, கேஷ்ங்கிற இங்கிலீஷ் வார்த்தை தமிழ் காசுல இருந்து வந்ததுன்னு பொண்ணு எழுதிட்டா. டீச்சர் சிவப்பு மையில அடிச்சுட்டாங்க. யாரு சரி சார்?"

டீச்சர் அடிச்சது சரிதாங்க, ஆனா ஏன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். அடிக்கத்தான் நேரம் இருக்கு, சொல்லிக்குடுக்க எங்க இருக்கு.

நீங்க பர்ஸ்ல வெச்சிருக்கிற கேஷ் ஐரோப்பாக்காரன் வார்த்தை. லத்தீன்ல பெட்டிக்கு காப்ஸான்னு பேரு, அது இத்தாலி, பிரெஞ்சு வழியா உருமாறி 16ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலீஷுக்கு வந்துச்சு. முதல்ல பணப்பெட்டிக்குத்தான் கேஷ்னு பேரு, அப்புறம் உள்ள இருந்த பணத்துக்கே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. நாம "இன்னிக்கு கல்லா எவ்ளோ"ன்னு கேக்கறப்போ பெட்டியையா கேக்கறோம்?

இப்ப பொண்ணு பக்கத்துக்கு வரேன். இங்கிலீஷ்ல அதே ஸ்பெல்லிங்ல இன்னொரு கேஷ் இருக்கு, அது சில்லறை நாணயத்தோட பேரு. அது நம்ம காசேதான், சந்தேகமே வேண்டாம். போர்ச்சுகீஸ்காரன் காசுங்கிறத காதுல வாங்கி கைஷான்னு எழுதிக்கிட்டான், அவன் பாஷையில பெட்டிக்கும் கைஷாதான், குழப்பத்துக்கு கேக்கணுமா! அவன்கிட்ட இருந்து இங்கிலீஷ்காரன் வாங்கி கேஷ் ஆக்கிட்டான். மெட்ராஸ்ல 80 கேஷ் சேர்ந்தா பணம்னு ஒரு நாணயம், 42 பணம் சேர்ந்தா வராகன்னு ஒரு நாணயம், இந்தக் கணக்கு 1818 வரைக்கும் ஓடுச்சு. கிழக்கிந்தியக் கம்பெனி 1808ல அடிச்ச செப்புக்காசு கிடைச்சா பாருங்க, பாரசீக எழுத்துக்குக் கீழ ரோமன் எண்ல இருபது போட்டு கேஷ்னு இங்கிலீஷ்ல இருக்கும். சீனாக்காரன் நடுவுல ஓட்டை போட்ட நாணயத்துக்கும் இதே பேரைத்தான் வெள்ளக்காரன் வெச்சான்.

ஃபார்வர்டு அனுப்பறவங்க இந்த ரெண்டு கேஷையும் ஒண்ணாக்கிடறாங்க. நல்ல டிக்‌ஷனரியில கேஷ் பக்கத்துல பொடியா 1, 2ன்னு நம்பர் இருக்கும், 2ல தமிழ்னு போட்டிருக்கறத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து 1க்கு ஒட்டி "உலகமே தமிழ்"னு வீடியோ, அப்புறம் அதுக்கு ஒரு கட்டண கோர்ஸ் வேற. அந்தக் கோர்ஸ்ல போய் காச விட்டுடாதீங்க. கேஷ்யூ நட்டுகூட காசுல இருந்து வந்ததுன்னு ஒருத்தர் என்கிட்ட சத்தியம் பண்ணாரு, அது பிரேசில் ஆதிவாசிங்க பாஷைங்க. டிக்‌ஷனரிய எப்படிப் பாக்கணும்னு எந்தப் பாடத்துல இருக்கு, சொல்லுங்க?

பொண்ண "கேஷ்ங்கிற பழைய நாணயப் பேரு தமிழ் காசுல இருந்து போர்ச்சுகீஸ் வழியா இங்கிலீஷுக்குப் போச்சு"ன்னு மாத்தி எழுதச் சொல்லுங்க, நம்பர் 2 தெரியற மாதிரி டிக்‌ஷனரி பக்கத்தையும் பின் பண்ணிடுங்க.